ஊசி – 1

லைசன்ஸ் புத்தகத்தில் தகப்பன் பெயரை வெட்டி
மேலே சிவப்பு மையில் அவள் பெயர்:
ஞானசவுந்தரி, மண்டூர்.
கச்சேரி முத்திரை பாதிதான் பதிந்திருந்தது.
உரச் சாக்கில் சுற்றி
பாதையில் ஏற்றி வாவியைக் கடந்து
பிறகு பஸ்ஸில், மடியில் குறுக்கே கிடத்தி
மருதமுனைக்குக் கொண்டுவந்திருந்தாள்
ஒற்றைக் குழல் துவக்கை.

"சுடுகுதில்ல நானா.
குதிரை விழுது, வெடிக்குதில்ல."

நான் தையல் மெசின்காரன்.
தறியில் நாடா சிக்கினாலும் என்னிடம்தான் வருவார்கள்.
துவக்குக்கென்று தனியாக ஒரு கொப்பி,
பொலிஸ் வந்து பார்க்கும்.
வருசத்துக்கு நாலு வரி, மிஞ்சினால் ஐந்து.

கட்டையைக் கழற்றியதும்
கொட்டியது குளவிக்கூட்டு மண்.
இருபத்திரண்டு வருசம் களஞ்சியத்தில்
கழுத்தில் அட்டை கட்டிக் கிடந்த துவக்கு.
எந்தக் குளவி எந்த அரசாங்கத்தில் கட்டியதோ.

பிறகு ஆட்கள் வந்தார்கள் ஒவ்வொருவராய்.
பெரிய வில், கம்பெனி இலக்கத்தோடு பிறந்தது;
அமத்தி விட்டால் நிமிராமல்
வளைந்த இடத்திலேயே யோசித்துக்கொண்டிருந்தது.
விசைக்குப் பின்னால் ஒரு குடைக் கம்பி.
யாரோ எனக்கு முந்திய ஒருத்தன்,
மாரி நாளில் வேலை பார்த்திருக்கிறான்.
திருகாணி இரண்டில் ஒன்று சைக்கிளுடையது,
மற்றது எதனுடையது என்று
அல்லாவுக்குத்தான் தெரியும்.
குதிரையைப் பிடித்து நிறுத்தும் பல்
நாய்க்குட்டியின் பல் அளவுக்குக் கரைந்து,
தோளில் வைத்து நடந்தாலே நழுவும் போல.

வில் மாற வேண்டும். பல் மாற வேண்டும்.
குடைக் கம்பி இன்னும் உழைக்கும்,
ஆனால் அதை நம்பி நான் கையெழுத்து வைக்க மாட்டேன்.

கடைசியாய் ஊசி.
உடைந்திருக்கும் என்று நினைத்தேன். உடையவில்லை.
தேய்ந்ததுமில்லை. தேய்வது
ஒரு பக்கம் சாய்ந்து கூச்சப்பட்டுத் தேயும்.
இது மட்டமாக நின்றது,
நுனியில் அரம் இழுத்த கோடுகள் நெருக்க நெருக்கமாய்.
குறைவு ஒரு நெல்மணி மொத்தம்.
குதிரை விழும், ஊசி போகும்,
போய், தோட்டாவின் முகத்தைத் தொடாமல்
நின்றுவிடும்.

சாமான் வரப் பதினாறு நாள்.
வந்தவளின் உள்ளங்கையில் அந்த ஊசியை வைத்தேன்.
அவள் திடுக்கிடவில்லை.

"மம்பட்டி தீட்டுற அரம் நானா.
நான்தான் விளக்குப் பிடிச்சன், பதினாலு வயசு.
பகலில வாறவங்களும் இதைத்தான் கேட்டாங்க
ராவில வாறவங்களும் இதைத்தான் கேட்டாங்க.
ஆரு கொண்டு போனாலும் ஊமையாப் போகட்டும் எண்டார் அப்பா.
மறுகா அவரே கச்சேரியில குடுத்திட்டு வந்திட்டார்.
ஒருத்தரும் திறந்து பாக்கல்ல."

"அப்ப தெரிஞ்சுதானே கொண்டு வந்தீங்க?"

"தெரியும்.
நடுவில ஆரும் மாத்திப் போட்டாங்களோ எண்டு
அதுதான் தெரியாது."

லாம்பை இழுத்துக் காட்டினேன்:
அரக் கோட்டுக்குள் கறுத்த துரு,
அடியோடு ஒரே வயசுத் துரு.
ஒருத்தரும் தொடவில்லை, தங்கச்சி.

ஸ்டூலில் இருந்தாள்.
ஆறிப்போன தேத்தண்ணியை முழுக்கக் குடித்தாள்.
வெளியே ஐஸ்கிரீம் வான் ஒன்று பாட்டோடு போய்த் திரும்பியது.
பிறகு, கடன்காரனுக்குச் சொல்வது போல,
"சரி, புதுசப் போடுங்க.
முன்மாரிக்குள்ள யானை இறங்கிட்டு,
மேல பாத்து ஒரு வெடி வைக்கத்தான் வேணும்."

முன்னமே போட்டிருந்தேன்.
மருந்தில்லாத தோட்டா ஒன்றில் தட்டியும் பார்த்திருந்தேன்:
செம்பு முகத்தில் அம்மைத் தழும்பாய் ஒரு குழி.
அதை அவளுக்குக் காட்டவில்லை.

கழற்றிய சாமானைத் திருப்பிக் கொடுப்பது கடை வழக்கம்.
கவரைப் பிரித்து எண்ணினாள்.
வில்லையும் குடைக் கம்பியையும் திருகாணிகளையும்
எனக்கே தள்ளிவிட்டாள்.
ஊசியை மட்டும் பணப்பையில்,
சில்லறை இல்லாத பக்கத்தில்.
கடைசிப் பாதைக்கு நேரமாகிறது என்று எழுந்தாள்.

பின்னேரம் கொப்பியை நிரப்பினேன்.
வில் – 1. பல் – 1. திருகாணி – 2. ஊசி – 1.
பழுதின் காரணம் என்ற கட்டத்தில்
கொஞ்ச நேரம் பேனையை வைத்துக்கொண்டிருந்துவிட்டு
தேய்மானம்
என்று எழுதினேன்.